ஜூக்பொக்ஸ் கேட்ட பாட்டைப் போடவில்லையா? முதலில் கட்டம் போடுங்கள்

கிழக்கிலங்கையின் அறுகம்பேயில் விடுதி வைத்திருக்கும் காக்கா (முஸ்லிம் அண்ணரை இங்கே இப்படித்தான் கூப்பிடுவோம்) ஒருவர் போன மாரியில் எனக்குப் போன் எடுத்தார். அவருடைய முன்கூடத்தில் 200 பாட்டுப் போடும் பழைய சீபர்க் ஜூக்பொக்ஸ் ஒன்று நிற்கிறது, காசு போட்டுச் சாவியை அமர்த்தினால் கேட்ட தட்டை எடுத்துப் பாடும் அமெரிக்கப் பெட்டி. "தம்பி, நான் அமத்துறது ஒண்டு, இது பாடுறது இன்னொண்டு. சிலதுக்கு வாயே திறக்குதில்ல" என்றார்.

கல்லடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று, கோமாரி தாண்டிப் பொத்துவில் பக்கம் போய்ச் சேர நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓட வேண்டும். அதனால் புறப்படும் முன் அவருக்கு ஒரு வேலை சொன்னேன். கொப்பித் தாளில் கட்டம் கீறுங்கள். இடப்பக்கம் மேலிருந்து கீழாக எழுத்துகள், மேலே குறுக்காக எண்கள். ஒவ்வொரு பாட்டாக அமர்த்தி, சரியாகப் பாடினால் சரி போடுங்கள், பாடாவிட்டால் புள்ளடி போடுங்கள், வேறு பாட்டு வந்தால் எது வந்ததென்று எழுதுங்கள். அவருடைய மகள் இரண்டு பின்னேரம் இருந்து அதைச் செய்து முடித்து, தாளைப் படம் பிடித்து அனுப்பினாள். பெட்டியைத் திறக்கும் முன்பே பிழை எங்கே என்று பாதிக்கு மேல் அந்தத் தாளில் தெரிந்தது.

இதைத்தான் நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பாட்டுத் தெரிவில் பிழை என்றதும் திருகாணிச் சாவியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போகாதீர்கள். எந்தப் பாட்டு வருகிறது, எது வரவில்லை என்ற வரைபடம் கையில் இல்லாமல் உள்ளே போனால், நன்றாக இருந்த கொன்டாக்டையும் (கரண்ட் தொட்டுப் போகும் முனை) வளைத்துவிட்டுத்தான் வெளியே வருவோம்.

கட்டத்தைப் போடும் விதம்

சீபர்க்கின் 100 பாட்டுப் பெட்டிகளில் ஏ முதல் கே வரை பத்து எழுத்துகள். ஐ கிடையாது, ஒன்று என்ற எண்ணோடு குழம்பும் என்று விட்டுவிட்டார்கள். 200 பாட்டுப் பெட்டிகளில் ஏ முதல் வி வரை. அதில் ஐயும் இல்லை, ஓவும் இல்லை, ஆக இருபது எழுத்துகள். எண்கள் இரண்டிலும் பத்து.

ஒவ்வொரு பாட்டையும் முழுதாகக் கேட்டால் 200 பாட்டுக்குப் பத்து மணித்தியாலம் போகும். ஒரு எழுத்தின் பத்துப் பாட்டையும் சேர்த்து அமர்த்துங்கள். ஊசி தட்டில் இறங்கி முதல் வரி கேட்டதும் ரிஜெக்ட் பட்டனை அமர்த்துங்கள். அடுத்தது வரும்.

இந்த இடத்தில் இரண்டு விசயம் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் இரண்டையும் பிழை என்று நினைத்து ஆட்கள் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஒன்று, நீங்கள் அமர்த்திய வரிசையில் பாடாது. தட்டுகள் அடுக்கில் நிற்கும் வரிசையில் தட்டை எடுத்துப் பாட வைக்கும் வண்டி ஓடிப்போய், தெரிவு செய்யப்பட்டது எதிரே வந்தால் நின்று எடுக்கும். அதனால் முதலில் அமர்த்தியது கடைசியில் வரலாம். மற்றது, ஒரே பாட்டை மூன்று பேர் அமர்த்தினாலும் ஒரு தடவைதான் பாடும். அந்தப் பாட்டுக்கு நினைவில் இருப்பது ஒரே ஒரு இடம், ஏற்கெனவே குறித்ததை மறுபடி குறிப்பதால் எதுவும் கூடாது. இவை இரண்டும் பெட்டியின் இயல்பு.

உள்ளே என்ன நடக்கிறது

1955இல் வந்த வி200 தொடங்கி சீபர்க் பெட்டிகளில் டோர்மாட் என்ற காந்த நினைவு இருக்கிறது. ஒவ்வொரு பாட்டுக்கும் ஒரு சின்ன ஃபெரைட் வளையம். எழுத்துச் சாவி ஒரு கம்பியிலும் எண் சாவி இன்னொரு கம்பியிலும் துடிப்பை அனுப்பும். இரண்டும் ஒன்றாகச் சந்திக்கும் வளையம் மட்டும் காந்தத் திசை மாறும். ஒரு கம்பியில் வரும் துடிப்பு தனியாக எந்த வளையத்தையும் மாற்றப் போதாது. இதுதான் எழுதும் பாதை. மறுகா, வண்டி அடுக்கின் நீளத்துக்கு ஓடும்போது அதிலுள்ள கொன்டாக்டுகள் ஒவ்வொரு வளையத்துக்கும் உரிய முனையைத் தொட்டுக் கேட்டுக்கொண்டு போகும். திசை மாறிய வளையம் ஒரு சின்னத் துடிப்பைத் திருப்பிக் கொடுக்கும். அது தைரட்ரன் வால்வைத் (சின்னத் துடிப்பு வந்ததும் கரண்டைத் திறந்துவிடும் கண்ணாடிக் குழாய்) தூண்ட, வால்வு ரிலேயையும் சொலினொயிட்டையும் (கரண்ட் வந்தால் தண்டை இழுக்கும் கம்பிச் சுருள்) இழுக்க, வண்டி நிற்கும். இது வாசிக்கும் பாதை.

1955க்கு முந்திய 100 பாட்டு மாதிரிகளில் காந்த வளையம் இல்லை, மின்காந்தம் தள்ளிவிடும் ஊசிகள் அந்த வேலையைச் செய்யும். ஏஎம்ஐ, றொக்கோலா என்ற மற்றக் கொம்பனிகளின் பெட்டிகளில் உள்ளமைப்பு வேறு. ஆனாலும் சாவி, நினைவு, தேடல், நிறுத்தம் என்ற நான்கு படிகள் எல்லாவற்றிலும் உண்டு. அதனால் கட்டம் எல்லாவற்றுக்கும் உதவும்.

கரண்டைப் பற்றி முதலில்

அமெரிக்காவில் ஓடவென்று செய்த பெட்டிக்கு வேண்டியது 117 வோல்ற், 60 சைக்கிள். நம்முடையது 230 வோல்ற், 50 சைக்கிள். இடையில் ட்ரான்ஸ்போமர் வைத்திருப்பார்கள். வோல்ற்றைத்தான் அது குறைக்கும், சைக்கிளை மாற்றாது. 50 சைக்கிளுக்குரிய கப்பி மாற்றாத பெட்டியில் 45 வேகத் தட்டு 37.5இல்தான் சுற்றும், பாடகர் நித்திரையில் பாடுவதுபோல் இருக்கும். பாட்டு இழுத்து இழுத்து வந்தால் அது தெரிவுப் பிழை அல்ல, அதற்காகச் சாவிப் பலகையைக் கழற்றாதீர்கள். மோட்டரும் ட்ரான்ஸ்போமரும் கூடச் சூடாகும், அதையும் கவனியுங்கள்.

வோல்ற் குறைவதுதான் தெரிவைக் குழப்பும். பின்னேரம் ஊரெல்லாம் லைட் போடும் நேரம் லைன் 190க்கு இறங்கினால், ட்ரான்ஸ்போமருக்குப் பின்னால் 97 அளவுதான் கிடைக்கும். சொலினொயிட்டின் இழுவிசை வோல்ற்றின் வர்க்கத்தோடு போகிறது. ஆகவே அதன் பலம் மூன்றில் இரண்டாகிவிடும். பகலில் நல்லாப் பாடி, ஏழு மணிக்குப் பிறகு மட்டும் தெரிவு தவறுகிறது என்று யாராவது சொன்னால், நான் முதலில் மீற்றரைச் சுவர் பிளக்கில்தான் வைப்பேன்.

உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். சுவிச்சை ஓஃப் பண்ணுவது போதாது. வால்வுப் பெட்டியில் 300 வோல்ற்றுக்கு மேலும் இருக்கும், கொண்டன்சர்கள் கரண்ட் நின்ற பிறகும் அதைப் பிடித்து வைத்திருக்கும். கொஞ்சம் பொறுத்து, மீற்றரால் அளந்து பார்த்துவிட்டுத் தொடுங்கள். இந்த ஒரு விசயத்தில் அவசரப்படாதீர்கள்.

அறிகுறி: ஒரு எழுத்தின் வரிசை முழுவதும் வரவில்லை

காக்காவின் கட்டத்தில் ஈ வரிசையில் பத்தும் புள்ளடி. இதைப் பார்த்ததும் சந்தோசப்பட்டேன். பத்துப் பாட்டுக்குப் பொதுவாக உள்ளது ஈ என்ற ஒரே சாவியும் அதன் ஒரே கம்பியும்தான். நினைவு, வண்டி, வால்வு எதையும் தேடத் தேவையில்லை. எண் நிரல் முழுவதும் போனாலும் இதே கதை. எல்லா எழுத்திலும் 7 மட்டும் வராவிட்டால் 7இன் சாவி.

சாவிப் பலகையைத் திறந்து அந்தச் சாவிக்குப் பின்னால் உள்ள இலை கொன்டாக்டைப் பாருங்கள். நம் கரையோரத்தில் அனேகமாக இரண்டில் ஒன்றுதான் இருக்கும். வெள்ளி முனை கறுத்திருக்கும், அல்லது பித்தளை இலையில் பச்சைக் களிம்பு பிடித்திருக்கும். உப்புக் காற்றும் வாடைக் காலத்து ஈரமும் சேர்ந்து செய்யும் வேலை இது. கச்சான் காற்று வீசும் மாதங்களில் தானாகச் சரியாகி, மாரியில் திரும்பவும் வரும் பிழை என்றால், கொன்டாக்டைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

துடைக்கும் முறைக்கு வருவோம். மணற்தாள் வேண்டாம், அரம் வேண்டவே வேண்டாம். வெள்ளிப் பூச்சு மெல்லியது, ஒருமுறை உரசி எடுத்துவிட்டால் அடுத்த மாரியில் இன்னும் மோசமாகும். கல்யாணக் கார்ட் போன்ற கெட்டியான தாளை நீளமாக வெட்டி, கொன்டாக்ட் கிளீனரில் நனைத்து, இரண்டு முனைகளுக்கும் இடையில் வைத்து, விரலால் மெல்ல அழுத்திக்கொண்டு இழுங்கள். தாளில் கறுப்புக் கோடு வரும். கோடு வராமல் நிற்கும் வரை புதுத் துண்டு எடுத்துச் செய்யுங்கள். பிறகு சாவியை அமர்த்திப் பிடித்து மீற்றரில் அளந்து பாருங்கள், பூச்சியத்துக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். ஆடினால் இலையின் இறுக்கம் போயிருக்கிறது. மூக்குக் குறட்டால் ஒரு மயிரளவு வளைத்தால் போதும்.

காக்காவின் ஈ சாவியில் முனை சுத்தமாகத்தான் இருந்தது. பின்னால் கம்பியைச் சொல்டர் பண்ணிய இடம் விட்டிருந்தது. வெளியே பிடித்திருப்பதுபோல் தெரிந்தது, மரக்குச்சியால் தட்டியதும் அசைந்தது. புதிதாக ஈயம் வைத்தேன், பத்துப் பாட்டும் வந்தன.

அறிகுறி: அங்கொன்று இங்கொன்றாக வரவில்லை

கட்டத்தில் சிதறிக் கிடக்கும் புள்ளடிகளைப் பார்த்தால் ஒழுங்கே இல்லாததுபோல் தெரியும். அப்போது இரண்டாவது வரைபடம் தேவை. தட்டுகள் அடுக்கில் நிற்கும் வரிசையில், பக்கத்தில் எது நிற்கிறது என்று எழுதிக்கொண்டு, வராத பாட்டுகளை அதில் குறியுங்கள்.

அறுகம்பேயில் ஈ வரிசையைத் தவிர இன்னும் ஆறு புள்ளடிகள் இருந்தன. சாவிக் கட்டத்தில் அவை சிதறி நின்றன, அடுக்கின் வரிசையில் எழுதியபோது ஆறும் பக்கம் பக்கமாக வந்துவிட்டன. சாவிகள் வேறு வேறு, இடம் ஒன்று. அப்படியென்றால் எழுதும் பாதையில் பிழை இல்லை. வண்டி அந்த இடத்தைக் கடக்கும்போது கொன்டாக்ட் தொடவில்லை. டோர்ச் அடித்துப் பார்த்தேன். குளவி அந்த இடத்தில் மண்கூடு கட்டி, உடைந்த மண் கொன்டாக்டுகள் மேல் படிந்திருந்தது. மென்மையான தூரிகையால் தட்டி எடுத்து, கிளீனரில் நனைத்த பஞ்சுத் துணியால் துடைத்தேன். ஆறு பாட்டும் வந்தன. குளவிக் கூடு, பல்லி முட்டை, எறும்பு மூன்றையும் நம் பக்கத்துப் பெட்டிகளில் எப்போதும் எதிர்பாருங்கள். பின் பலகையிலுள்ள காற்றோட்ட ஓட்டைகளுக்கு நுளம்பு வலை அடித்துவிட்டால் பாதித் தொல்லை குறையும்.

ஒரே ஒரு பாட்டு மட்டும் வராவிட்டால், அந்தத் தட்டின் இடத்துக் கொன்டாக்டைப் பாருங்கள். டோர்மாட் பெட்டியை மட்டும் கழற்றாதீர்கள். உள்ளே கம்பிகள் நூல் போல மெல்லியவை, அது கெட்டுப்போவது மிக அரிது. எல்லாவற்றையும் பார்த்த பிறகு கடைசியாகச் சந்தேகிக்க வேண்டிய சாமான் அது.

அறிகுறி: தட்டின் ஒரு பக்கப் பாட்டுகள் மட்டும் வருகின்றன

சீபர்க்கில் வண்டி ஒரு திசையில் போகும்போது தட்டுகளின் ஒரு பக்கத்தையும், திரும்பி வரும்போது மறு பக்கத்தையும் எடுக்கும். பாட்டுகளில் சரியாகப் பாதி காணவில்லை, வராதவை எல்லாம் ஒரே பக்கம் என்றால், பாதையின் முனையில் திசை மாற்றும் சுவிச்சையும், அந்தப் பக்கத்து வாசிப்புக்குரிய கொன்டாக்டையும் பாருங்கள்.

அறிகுறி: வண்டி நிற்காமல் அங்குமிங்கும் ஓடிக்கொண்டே இருக்கிறது

இதுதான் பார்க்கிறவர்களைக் கவலைப்படுத்தும் பிழை. பாட்டை அமர்த்தினால் வண்டி ஓடத் தொடங்குகிறது, ஒரு தட்டிலும் நிற்பதில்லை. எழுதுவதில் பிழையா, வாசிப்பதில் பிழையா, நிறுத்துவதில் பிழையா என்று பிரித்தெடுக்க ஒரு நல்ல சோதனை இருக்கிறது.

வண்டி ஓடும்போது, உலர்ந்த நீளமான மரக்குச்சியால், நிறுத்தும் சொலினொயிட்டின் தண்டை அது இழுக்கும் திசையில் தள்ளுங்கள். வேறு எதையும் தொடாதீர்கள், கரண்ட் ஓடிக்கொண்டிருக்கிறது. வண்டி நின்று, தட்டைத் தூக்கி, பாடத் தொடங்கினால் இயந்திரப் பகுதி முழுவதும் நல்லம். பிழை மின்சாரத்தில். தள்ளியும் நிற்கவில்லை, அல்லது தண்டே அசையவில்லை என்றால் பிழை இயந்திரத்தில்.

இயந்திரம் என்றால் அனேகமாகப் பழைய கிரீஸ்தான். ஐம்பது அறுபது வருசத்தில் அது கோந்தாக இறுகிவிடும். இதற்குத் தேங்காய் எண்ணெய் விட்டிருந்த பெட்டிகளையும் பார்த்திருக்கிறேன். தயவு செய்து விடாதீர்கள். முதல் கிழமை வழுக்கும், பிறகு தூசியோடு சேர்ந்து பிசினாகும். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் பழைய கிரீசை முழுதாக எடுத்து, காய விட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி சுழலும் இடங்களில் மட்டும் விடுங்கள். சொலினொயிட்டின் தண்டுக்கு எண்ணெயே வேண்டாம், சுத்தமாக உலர்ந்திருக்கட்டும். கொன்டாக்ட் பக்கம் எண்ணெய் போகவே கூடாது.

மின்சாரம் என்றால் லைட்டை எல்லாம் நிறுத்திவிட்டு இருட்டில் தைரட்ரன் வால்வைப் பாருங்கள். தூண்டப்படும் நொடியில் கண்ணாடிக்குள் நீலச் சாயலில் ஒரு மின்னல் தெரியும். தெரிவு செய்த தட்டை வண்டி கடக்கும்போது மின்னுகிறது, ஆனாலும் நிற்கவில்லை என்றால் பிழை வால்வுக்குப் பின்னால்: ரிலேயின் முனை கறுத்திருக்கும், அல்லது சொலினொயிட்டுக்குப் போகும் டீசி (ஒரே திசையில் ஓடும் கரண்ட்) குறைவாக இருக்கும். பல பெட்டிகளில் அந்த டீசி, ஏசியை டீசியாக்கும் செலினியம் ரெக்டிஃபயரில் இருந்து வருகிறது. வயது போனால் அதன் வோல்ற் இறங்கும். சிலிக்கன் பிரிட்ஜ் போடலாம், ஆனால் அது வோல்ற்றைக் கூடவிடும், தொடரில் ஒரு ரெசிஸ்டர் போட்டுக் குறித்த வோல்ற்றுக்கு இறக்க வேண்டும். செலினியம் எரிந்து நாறினால் கதவு யன்னலைத் திறந்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். அந்தப் புகை நஞ்சு.

ஒரு தடவையும் மின்னவில்லையென்றால் வால்வை மாற்றிப் பாருங்கள். நல்ல வால்விலும் மின்னாவிட்டால் வண்டியின் கொன்டாக்ட் பிளக்கையும், அதிலிருந்து வரும் வளையும் வயரையும் பாருங்கள். வருசக்கணக்காக அங்குமிங்கும் வளைந்து, உறை நல்லா இருக்க உள்ளே செம்பு அறுந்திருக்கும்.

எழுதும் பாதைக்கும் கொண்டன்சர் உண்டு. சாவியை அமர்த்தும்போது அதில் நிறைந்திருக்கும் மின்னேற்றம்தான் துடிப்பாகப் பாய்கிறது. அது பலவீனமானால், இரண்டு கம்பியின் துடிப்பும் சேர்ந்தும் வளையம் திரும்பாது. ஒரு தடவை எடுக்கும், மறு தடவை எடுக்காது. கட்டம் ஒவ்வொரு முறையும் வேறு வேறாக வருகிறதென்றால் இதை மாற்றுங்கள். பழைய எலக்ட்ரோலிற்றிக் கொண்டன்சர்களை அளந்து பார்த்து நேரத்தைச் செலவழிக்காமல், அதே வோல்ற் அல்லது கூடிய வோல்ற்றுக்குப் புதியது போட்டுவிடுவதுதான் என் வழக்கம்.

அறிகுறி: ஒன்றை அமர்த்தினால் இரண்டு பாடுகின்றன, அல்லது எல்லாத் தட்டிலும் நிற்கிறது

ஒன்றுக்கு இரண்டு வந்து, அந்த இரண்டும் பக்கத்து எழுத்துகள் என்றால் சாவிக்குப் பின்னால் இரண்டு இலைகள் முட்டுகின்றன. ஈயத் துளி விழுந்திருக்கலாம். எல்லாத் தட்டிலும் நின்றால் ரிலேயின் முனை ஒட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது தைரட்ரன் தூண்டாமலே பற்றிக்கொள்கிறது.

அறிகுறி: பக்கத்துத் தட்டு பாடுகிறது

முதலில் பெயர்ச் சீட்டைப் பாருங்கள். காக்காவின் கட்டத்தில் வேறு பாட்டு வந்த இடங்கள் எல்லாம் இந்த வகைதான். ஒரு பெருநாளுக்குத் தட்டுகளைக் கழற்றித் துடைத்தவர்கள் திரும்பப் போடும்போது ஒரு இடம் தள்ளி அடுக்கிவிட்டார்கள். பிழை பெட்டியில் இல்லை. எப்போதும் ஒரே பக்கமாக ஒரு தட்டுத் தள்ளி வருகிறது, சீட்டும் சரி என்றால் வண்டி நிற்கத் தாமதிக்கிறது. மேலே சொன்ன கிரீஸ், அப்புறம் சொலினொயிட்டின் வோல்ற், அதன் பிறகுதான் சரிசெய்யும் திருகாணி. அதைத் தொடும் முன் இருந்த இடத்தைப் பேனையால் அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

அறிகுறி: சாவி அமர்ந்தபடி நிற்கிறது, அல்லது நிற்பதே இல்லை

எழுத்துச் சாவியை அமர்த்தினால், எண்ணை அமர்த்தும் வரை அது உள்ளே நிற்க வேண்டும். பிறகு இரண்டும் ஒன்றாக வெளியே துள்ள வேண்டும். நிற்காவிட்டால் பூட்டுச் சட்டம் பிசுபிசுத்திருக்கிறது. வெளியே வராவிட்டால் விடுவிக்கும் சொலினொயிட் பலமில்லை. பாட்டே ஒன்றும் எடுக்கவில்லை, சாவி செத்ததுபோல் கிடக்கிறதென்றால், காசு கணக்கில் ஏறவில்லை, அல்லது பியூஸ் போயிருக்கிறது.

தெரிவுப் பிழை போலத் தோன்றும் தட்டுப் பிழை

வண்டி சரியான இடத்தில் நிற்கிறது, தட்டைத் தூக்குகிறது, உடனே திரும்ப வைத்துவிடுகிறது. இதற்கு நம் ஊரில் ஒரு தனிக் காரணம் உண்டு. இந்தப் பெட்டிகள் நடுவில் ஒன்றரை அங்குல ஓட்டையுள்ள 45 தட்டுக்காகச் செய்யப்பட்டவை. இந்தியாவில் அச்சான தமிழ் ஈபீ தட்டுகள் பலவற்றின் ஓட்டை சிறியது. அதனால் ஆட்கள் ஓட்டையை வெட்டிப் பெருப்பிப்பார்கள். ஒரு மில்லிமீற்றர் விலகினாலும் தட்டு ஆடும், ஊசிக் கை அசைந்து, பாட்டு முடிந்துவிட்டதாகப் பெட்டி எடுத்துக்கொள்ளும். அந்தத் தட்டை எடுத்துவிட்டு, நிச்சயமாக நல்ல ஒன்றை அதே இடத்தில் வைத்துப் பாருங்கள். பாடினால் விடை கிடைத்துவிட்டது. வெட்ட வேண்டுமென்றால் 38 மில்லிமீற்றர் வட்ட வாளை மரப் பலகையில் நடு ஊசி அடித்துப் பயன்படுத்துங்கள், கத்தியால் சுற்றிக் குடையாதீர்கள். ஈபீயில் ஒரு பக்கத்துக்கு இரண்டு பாட்டு வரும் என்பதையும் சீட்டில் எழுதிவிடுங்கள். இரண்டாவது பாட்டுத் தொடங்கியதும், கேட்காததைப் போடுகிறது என்று ரிஜெக்ட் அமர்த்தும் விருந்தாளிகள் இருக்கிறார்கள்.

வேலை முடிந்ததும் கட்டத்தைத் திரும்ப முதலிலிருந்து போட வேண்டும். அறுகம்பேயில் அன்று இரவு 200 கட்டங்களையும் காக்காவின் மகளே அமர்த்தினாள், நான் வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கியூ வரிசையில் ஒன்று மட்டும் புள்ளடியாக நின்றது. அந்த இடத்தில் தட்டே இல்லை. பழைய தாளையும் புதிய தாளையும் திகதி எழுதிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிட்டு வந்தேன்.